பச்சை மூன்றாவது

பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
காட்டெருமை முதுகு சொறிந்த கம்பம்
சாய்ந்து கிடக்கிறது.
கேபிள் அறுந்த இடத்தில் எதுவும் வடியவில்லை.
ஒளிக்கு அப்படியொரு நாகரிகம்,
செத்தாலும் தடயம் வைக்காது.

இரவு ஒன்றரை.
கீழே சேலம் இருந்த இடத்தில் பனி.
ஆம்னியின் பின்கதவைத் தூக்கிக் குடையைக் கட்டி
ஸ்ப்ளைசிங் மெஷினை ஈரம் படாமல் வைக்கிறேன்.
பன்னிரண்டு இழை.
நீலம் பஞ்சாயத்து ஆபீஸ்.
ஆரஞ்சு ஹோட்டல்காரர்கள்.
பச்சை
அமலதாஸ்.

போன மாதம் நாகலூரில் டவர் நட்டான்.
'கம்பியே வேண்டாம்' என்று
லேடி சீட் போகிற ஜீப் முதுகிலெல்லாம் ஒட்டினான்.
மாடிக்கொரு வெள்ளைத் தட்டு.
அது டவரைப் பார்க்கும், அவ்வளவுதான் வேலை.
சில்வர் ஓக் மரம் மரமாய்
மிளகுக்கொடியோடு கொடியாய்
நான் இழுத்துக் கட்டிய நாலு கிலோமீட்டரை
ஒரே பார்வையில் தாண்டிவிட்டது.

முப்பத்தொரு வீடு போயிற்று.
ராத்திரியெல்லாம் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்குக்
கோடு எண் போடும் ரெஜினா
மோடத்தைத் துடைத்து, ஒயரைச் சுருட்டி,
பாக்கி இருநூற்றுப் பன்னிரண்டையும்
எண்ணிக் கொடுத்தாள்.
'உங்க லைனைக் குரங்கு கடிக்குதுங்கண்ணா,
அவரோடது காத்துல வருது.'

காற்றில்தான் வருகிறது, டவரிலிருந்து.
டவருக்கு?
அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
மாத வாடகைக்கு
என் பச்சை இழையில்தான்
மலையேறுகிறது அந்தக் காற்று.

முன்பு இதே வழியில் போன செம்புக் கம்பியை
அறுத்து எடைக்குப் போட்டார்கள்.
கண்ணாடியை யாரும் எடைக்கு எடுக்கமாட்டார்கள் என்று
இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான்.
மஞ்சகுட்டை எஸ்டேட்காரர் இப்போது
நேராக வானத்திலிருந்தே இறக்கப்போகிறாராம்.
இறக்கட்டும். அன்றைக்கு
அமலதாஸும் நானும் ஒரே பெஞ்சில் டீ குடிப்போம்.

போன் அதிர்கிறது. நாலாவது தடவை. அவன்தான்.

நீலம் முடிந்தது. ஆரஞ்சு முடிந்தது.
விரல் பச்சையைத் தாண்டிப்
பழுப்புக்குப் போகிறது.
சாம்பலுக்கு. வெள்ளைக்கு.
விடியட்டுமே.
முப்பத்தொரு மாடித் தட்டும்
பேசாத டவரைப் பார்த்தபடி நிற்கட்டுமே.

ட்ரேயில் மூன்றாவது பள்ளம் மட்டும்
காலியாகக் கிடந்தது பொறுக்கவில்லை.
வேறு காரணம் கேட்காதீர்கள்.

பச்சையை உரித்தேன், துடைத்தேன், வெட்டினேன்.
முடியைவிட மெல்லிய இரண்டு முனை
திரையில் இரண்டு தூணாக நெருங்கின.
கொசுவளவு மின்னல்.
இழப்பு சுழியம் புள்ளி சுழியம் ஒன்று.
இந்த ராத்திரியின் ஆகச் சிறந்த ஒட்டு,
போயும் போயும் அவனுக்கு.

இரண்டு நிமிஷத்தில் அமலதாஸ் மெசேஜ்:
'டவரை ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்,
சரியாயிடுச்சு. நீ தூங்கு.'

இன்னும் ஆறு இழை.
சிவப்பை எடுக்கிறேன்.