நான்காவது வாளி

வெளியே சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, வளர்ப்பறையில், இருபத்திரண்டு.
நேற்றும் இருபத்திரண்டு, நாளையும்.
பதினாறு மணி நேரம் பகல், எட்டு மணி நேரம் இரவு.
பொத்தானுக்குக் கட்டுப்பட்ட சூரியன்.

நாற்பத்தெட்டுத் தொட்டிகள்.
ஒரே மூட்டை மண்.
எடை பார்த்துப் பொறுக்கிய மைசூர்ப் பருப்பு விதை.
வரிசைக்குப் பன்னிரண்டாய் நான்கு வரிசை.
எல்லாம் மாறிலி, உப்பு ஒன்றே மாறி.
முதல் வாளியில் உப்பில்லை,
இரண்டில் சிட்டிகை,
மூன்றில் கொஞ்சம் தாராளம்,
நான்கை நாக்கில் வைத்தால் துப்பத் தோன்றும்
(வைத்துப் பார்த்தேன். குறிப்பேட்டில் எழுதவில்லை).

ஒன்றை நான் மாற்றுவேன்,
ஒன்றை அளப்பேன்,
மீதி உலகம் அசையக் கூடாது.
ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஆறாவது வாரம்
நான்காம் வரிசை தலைநிமிர்ந்து நின்றது,
முதல் வரிசையைவிட அரை விரல் உயரம்.
ஒலேனா ஹ்ரிட்சாக் தேன் கேக் கொண்டுவந்தாள்.
குர்தேஜ் அதைத் தின்றபடியே கணக்குப் போட்டான்:
இந்த மாகாணத்தில் உப்புப் பூத்துக் கிடப்பது எத்தனை ஏக்கர்,
ஏக்கருக்கு எத்தனை மூட்டை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.
முளைக்கவில்லை.

செவ்வாயன்று வலக் கையுறை கிழிந்தது.
வெறுங்கையால் மொண்டேன்.
முதல் வாளியில் விரல் மரத்தது.
இரண்டில் வலித்தது.
மூன்றில் சில்லென்றது.
நான்கில்
ஒன்றுமில்லை. இதமாகக்கூட இருந்தது.

குவளை சொட்டச் சொட்ட நின்றேன்.

நான்கு வாளியையும் ஒரே குழாயில்தான் பிடிக்கிறேன்.
குழாயின் மறுமுனையில் உறைந்த ஆறு.
உப்பில்லாததை முதலில் ஊற்றுகிறேன்,
குவளையில் ஒட்டிய உப்பு போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று.
தொட்டியைத் தராசில் வைத்து, ஊற்றி, எழுதி,
வேர் நோகாமல் இறக்கிவைத்து,
நான்காம் வாளிக்கு வர ஒன்றரை மணி நேரம்.
அதற்குள் அறை அந்தத் தண்ணீரைத்
தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

உப்பு கூடக் கூடக் குளிர் குறைந்திருக்கிறது.
இரண்டு மாறிகள் கைகோத்து நடந்திருக்கின்றன,
ஒன்றுக்குத்தான் நான் பெயர் வைத்திருந்தேன்.
சுவரிலிருந்த வெப்பமானி பொய் சொல்லவில்லை.
வாளியைப் பற்றி அதை யாரும் கேட்கவில்லை.

அவசரப்பட்டிருந்தால் இந்தப் பிழை இல்லை.
எல்லாவற்றையும் பாதி மனதோடு,
பேச்சுச் சுவாரசியத்தில், அரை மணியில்
ஊற்றி முடித்திருந்தால் தப்பித்திருப்பேன்.
அந்த அறையில் அளக்காமல் விட்டது
என் பொறுமையைத்தான்.

மின்னஞ்சலை மூன்று முறை அழித்தேன்.
'கேக்குக்கு நன்றி' என்றே ஒவ்வொரு முறையும் தொடங்கியது.
ஒலேனா நேரில் வந்தாள்.
மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு
நான்கு வாளியிலும் கைவிட்டுப் பார்த்தாள்.
நான்காவதில் கொஞ்சம் அதிக நேரம்.
திட்டவில்லை.
மீந்த கேக்கைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுபடி விதைத்தோம்.
தண்ணீர் இப்போது இரவெல்லாம் அறையிலேயே தூங்குகிறது.
வாளிக்கொரு குவளை.
எந்தத் தொட்டிக்கு எப்போது என்பதை
நானோ இடப்பக்கமோ முடிவுசெய்வதில்லை.
காலிக் காப்பிக் கோப்பையில் நாற்பத்தெட்டுச் சீட்டு,
குர்தேஜ் கண்ணை மூடி எடுக்கிறான்,
சோழர் காலத்துக் குடவோலை மாதிரி.
முப்பத்தேழு, என்கிறான். பிறகு இரண்டு. பிறகு பத்தொன்பது.
அறை முழுக்க அலைகிறேன்.

குறிப்பேட்டில் புதிதாகக் கோடு கிழித்தேன்:
தண்ணீரின் வெப்பம்.
அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி.
அதற்குத் தலைப்பு
இன்னும் எழுதவில்லை.