நாலு குறைவு

குலசேகரத்திலிருந்து பொன்மனைக்குப் போகும் வழியில்
ரப்பர்பால் எடுக்கும் கொட்டகையில் எனக்கு வேலை.
கேனைத் திறப்பேன், மெட்ரோலாக்கை மிதக்க விடுவேன்,
கண்ணாடித் தண்டு எந்தக் கோட்டில் நிற்கிறதோ
அதுதான் அவரவர் காசு.
முப்பத்திரண்டு என்றால் பேச்சில்லை.
இருபத்தேழு என்றால்
"நல்லாப் பாரு மக்ளே, மழை பெய்ததாக்கும்."

எனக்கும் ஒரு எண் உண்டு.
போனுக்குள் மிதக்கிறது:
1496.

சதுரங்கம் ஆடும் அந்தத் தளத்தில்
எல்லாரும் ஆயிரத்தைந்நூறில் பிறக்கிறார்கள்.
முதல் ஆட்டத்தில் நூற்றைம்பது போயிற்று,
இரண்டாவதில் நூற்றுப்பத்து.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி;
இவள் யாரென்று எங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை
என்று ஒத்துக்கொள்ளும் குறி.
(பெண்பார்க்க வந்த நாலு வீட்டாருக்கு
ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதுமாயிருந்தது.)

ஆடஆட அதற்கு என்மேல் நம்பிக்கை வந்தது.
குறி உதிர்ந்தது.
இப்போது வென்றால் ஆறு, தோற்றால் ஆறு,
என்னைவிடப் பெரிய ஆளைச் சாய்த்தால் ஒன்பது,
சின்ன ஆளைச் சாய்த்தால் இரண்டோ மூன்றோ.
முதல் சிப்பாய் நகருமுன்பே
உள்ளே கணக்கு முடிந்துவிடுகிறது:
இந்த ஆளோடு நூறு தடவை உட்கார்ந்தால்
இவள் அறுபத்துநாலு எடுப்பாள் என்று.
எடுத்தால் அது எடுக்கவேண்டியதுதான்.
எடுக்காத அன்றைக்குத்தான் செய்தி.

கொட்டகையிலும் அப்படி.
முந்நூறு நாள் கணக்கு ஒத்துப்போனதை முதலாளி அறியார்.
நாற்பது ரூபாய் உதைத்த ஒரு செவ்வாய்க்கிழமை
அவர் நினைவில் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஒருவனிடம் தோற்றேன்.
ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏழு விநாடி எடுத்தான்.
ராணியைக் கொடுத்து மடக்கும் இடத்திலும் ஏழு,
சும்மா குதிரையைத் திருப்பிவைக்கவும் ஏழு.
அன்றைக்கு விடியும்வரை
எங்கே பிசகினேன் என்று கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.
கார்த்திகையில் தளம் சொன்னது:
அவன் இயந்திரத்தைக் கேட்டு ஆடியவன்,
உங்கள் ஏழு புள்ளி திரும்பத் தரப்படுகிறது.
ஏழும் வந்தது.
அந்த ராத்திரி வரவில்லை.
ஆனாலும் குறை சொல்லமாட்டேன்.
கேனில் கஞ்சித்தண்ணி கலந்த ஒருத்தரை நான் பிடித்தபோது
முந்தின கேன்களுக்குக் கொடுத்த காசில்
ஒரு ரூபாய்கூடத் திரும்பியதில்லை.

டேங்கர் ஓட்டுகிற ஜெபின்ராஜுக்கு 1702.
எட்டு மாதமாய் 1702.
"ஏன் ஆடல்ல?" என்றேன்.
"தொட்டா எறங்கிரும்லா."
மெட்ரோலாக்கைப் பெட்டியில் பூட்டிவிட்டு
போன வருசத்துப் பாலின் அளவைச் சொல்லித் திரிகிறான்.
அந்த எண்ணை யாரும் பிடுங்கவில்லை, உண்மைதான்.
ஆனால் உள்ளே எங்கோ
சந்தேகம் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டிருக்கிறது.
அவன் பெயருக்குப் பக்கத்தில்
பழைய கேள்விக்குறி முளைத்ததை
நான்தான் முதலில் பார்த்தேன். சொல்லவில்லை.

நானும் பத்தொன்பது நாளாய் ஆடவில்லை என்பதால்.

நாலு குறைவு. ஒரே ஒரு ஆட்டம்.
இரண்டு வருடம் ஏறி ஏறி
பிறந்த இடத்துக்கு வந்து சேரப்போகிறேன்,
அதற்குத்தான் கைநடுக்கம்.

இன்றைக்கு மழை, வெட்டில்லை.
காலிக் கேன்களோடு நானும் கொட்டகையும்.
திறந்தேன்.
எதிரே வந்தது 1500, கேள்விக்குறியோடு,
இப்போதுதான் பிறந்தது, தொப்புள்கூட உலரவில்லை.
முப்பத்தோராவது நகர்த்தலில்
மந்திரியை மறந்துபோனேன்.

யாரென்று தெரியாத ஆளிடம் தோற்றால்
அதிகம் பிடிப்பதில்லை. எனக்கு மூன்று போயிற்று.
அந்தப் பக்கம் நூற்றறுபத்தெட்டு ஏறியது.
எந்த ஊரிலோ ஒரு ஆள்
கட்டிலைவிட்டு எழுந்து கத்தியிருக்கும்.
நாலைந்து நாளில் தெரிந்துகொள்ளும், பாவம்.

1493.
தகரத்தில் மழை சத்தம் போட்டது.
"நல்லாப் பாரு மக்ளே" என்றேன் போனிடம்,
"மழை பெய்ததாக்கும்."