மூன்றாவது துளை

பழைய முத்திரைக்கு இரண்டு ஊசி,
புதியதற்கு மூன்று.
ஆகவே வியாழன் இரவுப் பணியில்
துவாஸ் தொழிற்சாலையின் கடைசி நிலையத்தில்
என் கையில் ஒரு துளைக்கருவி கொடுத்தார்கள்.

கைமாறிய செய்தி எனக்குக் கிடைத்தது
ரயிலில், ஜூ கூன் தாண்டும்போது,
பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியில்.
எழுபத்தெட்டு விழுக்காடு பங்கு.
எந்த நாடு என்று படிப்பதற்குள்
அவர் விரல் தள்ளிவிட்டது.
அடுத்து கோழிச்சோறு விளம்பரம்.

மறுநாள் கூடத்தில் திரை இறக்கினார்கள்.
தூரத்து ஊரிலிருந்து ஒருவர் பேசினார்,
வாய் முந்தி, குரல் ஒரு நொடி பிந்தி.
இனி நாம் ஒரே குடும்பம் என்றார்.
நாற்பத்தாறு வயசில் இன்னொரு புகுந்த வீடு,
மாப்பிள்ளை படம்கூடக் காட்டலையே என்றேன்.
அஸ்ரீனா சிரித்து மைலோவைச் சிந்தினாள்.
மேற்பார்வையாளர் பூன் மட்டும்
திரை அணைந்த பிறகும்
கை கட்டி நின்றிருந்தார்.

நம்ம வண்டி என்றுதான் சொல்லிப் பழக்கம்.
மூக்கில் தெம்புசு இலை,
தேசிய தினத்தன்று ஆறு வண்டி வரிசையாக ஓடியபோது
கையில் இருந்த கொடியை மறந்து
கத்தியிருக்கிறேன்.

எண்ணிப் பார்த்தால்
தகடு கப்பலில் வந்தது.
மின்கலம் வேறொரு கப்பலில்.
கண்ணாடி லாரியில், பாலம் கடந்து;
அதே பாலத்தில்
நாலு மணிக்கு எழுந்து அஸ்ரீனா.
கதவு பூட்டும் ஸா லின் மாண்டலேக்காரர்.
கம்பிக்கட்டு இழுக்கும் முகிலரசன்
மன்னார்குடிப் பக்கம்,
இரண்டு வருட அனுமதிச் சீட்டில்.
இந்த ஊரில் பிறந்தது
நானும் அந்த இலையும்தான் என்றிருந்தேன்.
இலையையும் வேறெங்கோ வார்த்தார்கள் என்று
கழற்றித் திருப்பிய அன்று
முதுகில் படித்தேன்.

வீட்டில் அவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர்,
காலுறையை உருவியபடியே சொன்னார்:
"யாரு வாங்குனா என்ன,
நாமளா வாங்கப் போறோம்?"
உண்மைதான்.
வண்டிக்கு முன்னால்
வைத்திருக்கும் உரிமையை ஏலம் எடுக்கும் ஊர்,
பத்து வருடத்தில் அதுவும் காலாவதி.
குடியிருக்கும் வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பது,
முப்பத்தொன்று கரைந்தாயிற்று.
நான் நின்று முத்திரை பதிக்கும் தரை
முன்பு கடல்.
மண்ணையும் வாங்கித்தான் கொட்டினார்கள்.

இத்தனையும் தெரிந்தும் ஆத்திரப்பட்டேன்.
உணவகத்தில் யாரோ
"வெளிநாட்டான் கைக்குப் போயிருச்சே" என்றபோது
ஆமாம், ஆமாம் என்று
என் குரல்தான் உயர்ந்தது.
எதிரே முகிலரசன்
சப்பாத்தியைப் பாதியில் நிறுத்தித்
தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் ஏன் தலை நிமிரவில்லை என்பது
எனக்குப் பேருந்தில்தான் உறைத்தது.

இரண்டு ஊசி பழைய துளைகளிலேயே பொருந்தின.
மூன்றாவது நடுவில், சற்று மேலே.
அச்சு வைத்து, குறி வைத்து, அழுத்த
இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்து
என் கையுறையில் ஒட்டியது.
பதினேழாவது வண்டியில் கை நழுவி
வண்ணத்தில் ஒரு கீறல்,
நகம் அளவு.
பூனைக் கூப்பிடுவதற்குள்
முகிலரசன் மெழுகோடு வந்து
வட்டம் வட்டமாகத் தேய்த்தான்.
"தெரியலக்கா. சாஞ்சு பாருங்க."
சாய்ந்து பார்த்தேன். தெரியவில்லை.
"அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல..." என்று தொடங்கினேன்.
"அடுத்த வண்டி வருது" என்றான்.
வந்தது.

ஐந்தரைக்கு முப்பத்தெட்டு வண்டிகள்
புது முகத்தோடு வெளியே நின்றன.
ஊர்ப்பறவையா எழுத்தா என்று
யாருக்கும் விளங்காத ஒன்று மூக்கில்.
சம்பளச் சீட்டில் அதே தொகை,
மேலே வேறு பெயர்.

கழற்றிய இலைகளை
வாளியிலிருந்து மேசையில் கொட்டி
எண்ணிக் கொடுக்கச் சொல்லியிருந்தது.
இரண்டு தடவை எண்ணினோம்.
முப்பத்தேழு.
ஏட்டை வாங்கி, பேனாவை உதறி,
சேதம் ஒன்று என்று எழுதினார் பூன்.
அவர் சட்டைப்பை
ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது.