தட்டு

பூமிக்கடியிலிருந்து வருகிறது வெந்நீர்.
குழாய்ச் சுருளில் புகுந்து
சூட்டை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு
கடலுக்குப் போய்விடுகிறது.
அதை வாங்கிக்கொண்ட காற்று
முப்பத்திரண்டு அடுக்குகளின் இடுக்கில்
இரவும் பகலும் நடக்கிறது.

ஒவ்வொரு தட்டிலும்
வாய் பிளந்த காட் மீன் தலைகள்,
ஒன்றன்மேல் ஒன்று படாமல்.
உடல்கள் உப்பிட்டு லிஸ்பனுக்குப் போய்விட்டன.
தலைகள் போகவேண்டியது லாகோஸுக்கு.
கீழ்த்தட்டின் மூலையில்
ஒரு ஜோடி கம்பளிக் கையுறை.
அது கணக்கில் வராது.

முதல் நாள் எளிது.
மேலே நிற்கும் நீர் கேட்டவுடன் கிளம்பிவிடும்,
மணிக்கு இவ்வளவு என்று
வாடகைபோல, தவறாமல்.
ஹால்ஷ்கா ஒரு தட்டை இழுத்துத் தராசில் வைத்து
எழுதுகிறாள்:
பன்னிரண்டு.
பதினொன்றரை.
பதினொன்று.
அப்புறம் ஒரு எண் தயங்கும்.
பத்தே முக்கால்.
மறுபடி பார்க்கிறாள், பத்தே முக்காலுக்குச் சற்றுக் கீழே.
இனி வரவேண்டியது உள்நீர்,
எலும்பை ஒட்டிக் குடியிருக்கும் நீர்.
அதை யாரும் அதட்ட முடியாது.

சிந்த்ரி அதட்டினான்.
புது மேற்பார்வையாளன், வயது இருபத்தாறு,
கப்பல் வியாழக்கிழமை.
இருபத்தைந்தில் இருந்த முள்ளை
நாற்பதுக்குத் திருகினான்.
புகைபோக்கி வழியே நாற்றம் ஊருக்குள் இறங்கியது.
தேவாலயப் பாடகர் குழுவிடமிருந்து
மறுபடி ஒரு கடிதம் வந்தது,
மிகக் கண்ணியமான மொழியில்.
வெளியே நிலா காய்ந்தது.
உள்ளே தலைகள் காய்ந்தன,
அல்லது காய்ந்ததுபோல் மின்னின.

புதன் இரவு
இரண்டு தலைகளை எடுத்து
ஒன்றோடொன்று தட்டினாள்.
கட்டையும் கட்டையும் மோதும் சத்தம் வரவேண்டும்.
பொத் என்றது,
அடுத்த வீட்டில் யாரோ
பூட்ஸைக் கழற்றிப் போட்டதுபோல்.

"நன்றாகத்தானே இருக்கிறது?"

கன்னத்தில் கத்தியைக் கொடுத்துப் பிளந்தாள்.
மஞ்சள் அட்டைக்குள்
நேற்றுப் பிடித்ததுபோல் வெள்ளைச் சதை.
அவசரக் காற்று வாசலைப் பூட்டிவிட்டு
ஆட்களை உள்ளேயே விட்டிருக்கிறது.

இதற்கு ஐஸ்லாந்து மொழியில் சொல் என்னவென்று
அவளுக்குத் தெரியாது.
கையை விரித்துக் காட்டினாள். இறுக மூடினாள்.
மறுகை விரலை மடக்கி
அந்த முட்டியின்மேல் தட்டினாள்.
உள்ளே ஆள் இருக்கிறது, என்றாள்,
போலிஷ் மொழியில்.
அவனுக்குப் புரிந்துவிட்டது.
முகம் புரிந்த நிறத்துக்கு மாறியது.

ஐந்தரைக்கு லாகோஸுக்குப் போன் போட்டான்.
அங்கே விடிந்திருந்தது. ஒரு சேவல்,
அதற்கு மேலாகத் திருமதி எபியெரேயின் குரல்:
எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?
தட்டிப் பார்த்தோம்.
சற்று நேரம் சேவல் மட்டும்.
நானும் தட்டித்தான் பார்ப்பேன், என்றாள்,
மூட்டையை அவிழ்த்ததும், வாசலிலேயே.
பிறகு எட்டு நிமிடம் திட்டினாள்.
விலையில் கை வைத்தாள்.
அடுத்த கப்பல் என்றாள்.

சூட்டை நிறுத்தினார்கள்.
தலைகளைத் தொட்டிகளில் குவித்து
அடியிலிருந்து
மூச்சளவு காற்று விட்டார்கள்.
மூன்று நாள் ஆகும்,
உள்ளிருப்பது மெல்ல நகர்ந்து வந்து
இறுகிய தோலை மறுபடி இளக்க.
அதுவரை செய்ய ஒன்றுமில்லை.
சிந்த்ரி தரையைக் கழுவினான்.
கழுவிய தரையை மறுபடியும் கழுவினான்.

பேருந்துக்கு நேரமாயிற்று.
ஹால்ஷ்கா கீழ்த்தட்டுக்குக் குனிந்து
கையுறைகளை எடுத்தாள்.
மணிக்கட்டு காய்ந்திருந்தது.
உள்ளங்கை காய்ந்திருந்தது.
பேருந்தில் இவளருகே
யாரும் உட்காரப்போவதில்லை, அது வேறு.
மாட்டிக்கொண்டாள்.
விரல் நுனிகளில்,
பத்திலும்,
இன்னும் கொஞ்சம் இருந்தது.