அடகு ரசீது

எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்கு மேல்
இறங்க முடியாமல் மூன்று விமானங்கள்
சுற்றிக்கொண்டே இருந்தன.

மீனம்பாக்கத்தில் ட்ரோனாம்.
சிவப்புக் கண்ணு என்றான் ஐஸ் உடைக்கிற எட்வின்.
இல்லை, பச்சை. துணி எடுக்கப்போன பிளசி பார்த்தாளாம்.
பட்டத்தில் கட்டின பல்புடா என்றான்
மாஞ்சா கேஸில் உள்ளே போய்வந்த தணிகாசலம்,
அனுபவஸ்தன்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

காசிமேட்டில் ட்ரோன் வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான்.
கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஒரே ஒரு சாவு ஊர்வலம்:
மேலேயிருந்து பார்த்தால்
பூ மட்டும்தான் தெரிந்தது.

ஏட்டு வந்தார். "எங்கடா அது?"
சேட்டுக் கடை ரசீதை நீட்டினேன்.
மூன்று மாத வட்டி பாக்கி.

திருப்பித் திருப்பிப் படித்தார்.
"அங்கேர்ந்தே கெளம்பிப் போயிருக்குமோ?"

கொஞ்ச நேரம் எல்லாரும்
அண்ணாந்து பார்த்தோம்.
நானும்.