முதுகு பார்த்து

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நின்றன இரண்டும்.
ஒன்று கறுப்பு. ஒன்று அரக்கு.
விலையில் நாலாயிரம் வித்தியாசம்,
எடையில் ஒரு கைக்குழந்தை.

குபேந்திரன் மூன்று வாரமாக
நாற்பது பக்க நோட்டில் நடுக்கோடு போட்டு
இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று
டேங்க் கொள்ளளவு, சீட் உயரம், டயர் அகலம்
எல்லாம் எழுதி
இரண்டும் சரிசமமாகவே வந்து நிற்க
கடைசியில் ஒரு வரி:
பின்சீட் — அவளைக் கேட்க வேண்டும்.

கேட்டார்.

ரிங் ரோட்டு ஷோரூமில் பூமிநாதன் என்கிற பையன்
இரண்டு சாவியையும் ஒரே உள்ளங்கையில் வைத்து நீட்டினான்,
சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டதுபோல.
"ரெண்டுமே ஃபேமிலி வண்டிதான் மேடம்.
டெல்லிக்கே போகலாம்."

டெல்லி வேண்டாம் தம்பி.
மாதத்தில் ஒரு ஞாயிறு
அருப்புக்கோட்டை, எட்டயபுரம் தாண்டி
என் ஊர்க் கடல்.
திரும்பும்போது மடியில் கால் கிலோ மக்ரூன்
உடையாமல் மதுரை வந்து சேர வேண்டும்.
அவ்வளவுதான்.

முதலில் கறுப்பு.
அகலமான சீட், சாய்ந்துகொள்ள ஒரு பட்டை.
எண்பதில் போகும்போதும்
பாதத்தில் நடுக்கம் இல்லை.
பெருங்குடிப் பக்கம் தலைக்கு மேலே
சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கிய விமானத்தை
அண்ணாந்து நிதானமாகப் பார்த்தேன்.
"எப்படி?" என்றார்.
முன்பாதியைக் காற்று தின்றுவிட்டு
"டி" மட்டும் என்னிடம் கொடுத்தது.
இருபது வருஷத்தில்
அவர் என்னை டி போட்டதே இல்லை.
சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன்,
முதுகு தெரிந்தது.

நான் அரசரடியில் பிசியோதெரபி பார்க்கிறவள்.
காலை ஒன்பதிலிருந்து அடுத்தவர் முதுகுதான் பிழைப்பு.
தறியில் குனிந்தவர், மார்க்கெட்டில் மூட்டை இறக்கினவர்,
திண்டுக்கல் பஸ் ஓட்டினவர்:
பெயர் மறந்துபோகும், முதுகு மறக்காது.

இந்த வண்டியில் இவர் கால் முன்னால் நீண்டிருந்தது.
கை எட்டிப் பிடித்திருந்தது.
தோள்பட்டைக்கு நடுவே
சட்டை கொடிக்கயிறாக இழுபட்டது.
ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்பான்
எதிரே வருகிறவன்.
அந்த ராஜா
நாலாவது எலும்பும் ஐந்தாவது எலும்பும்
ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டதால்
போன ஐப்பசியில் பதினோரு நாள்
படுத்த படுக்கையாய்க் கிடந்தார்.
நோட்டில் எந்தப் பக்கத்திலும்
அந்த வரி இல்லை.

அடுத்து அரக்கு.
பலகைக்கு உறை போட்ட சீட்.
சாய ஒன்றும் கிடையாது.
சைலன்சர் சூடு கெண்டைக்காலைத் தேடி வந்தது.
கியர் மாறும்போதெல்லாம் என் ஹெல்மெட்
அவர் ஹெல்மெட்டில்
டொக்.
"யாருங்க, கதவு தட்டுறது?" என்றார்.
ஒரு எழுத்துக்கூட குறையாமல் கேட்டது.

வலையங்குளம் தாண்டி ரோட்டில் ஒரு பள்ளம்.
கால் ஊன்றி, இம்மி எழுந்து,
அதிர்ச்சியை முழங்காலில் வாங்கிவிட்டு
மறுபடி உட்கார்ந்தார்.
தோள் இறங்கியிருந்தது.
சட்டை தன் பாட்டுக்குப் படபடத்தது.
என் ஆஸ்பத்திரி சுவரில் மாட்டியிருக்கும் படத்தில்
அம்புக்குறி போட்டுக் காட்டுவோமே,
அந்த வளைவு.

ஷோரூமில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
"எது?" என்றார்.
"அரக்கு."
"பின்சீட்?"
"சொகுசு."
பொய்யைக் கொட்டை எழுத்தில் எழுதி
இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

அவர் கையெழுத்துப் போடப் போன நேரம்
பூமிநாதனிடம் மெல்லக் கேட்டேன்,
பின்னால் ஸ்பாஞ்சு ஏற்றலாமா என்று.
ஏற்றலாமாம். ஆயிரத்து அறுநூறு.
பில்லில் போடாதே என்றேன்.

முதல் மாத மக்ரூன்
காரியாபட்டி வருவதற்குள்
பாதி தூளாகிவிட்டது.
ஸ்பூன் போட்டுத் தின்றோம்.