இனம்: —

வவுனியாவிலிருந்து லொறியில் வந்த கன்று.
‘அழகு மரங்கள், நாற்பது’ என்றது துண்டு.
பள்ளிக்கூடங்களும் கோயிலும் முப்பத்தொன்பதைக் கொண்டுபோக
துணுக்காய்க் கமநலக் கந்தோரில் மிஞ்சியது இது.
கழுத்தில் தொங்கிய தகட்டில்
பெயர் இருந்த இடத்தை மழை தின்றிருந்தது.

பசளைக்கு வரிசையில் நின்றவர்கள்
ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.
கொன்றை என்றார் மரியநாயகம்.
வாகை என்றாள் பவளராணி.
வாகையென்றால் ஈர்க்கு இன்னொருக்கால் கிளைக்கும், அக்கா,
இது ஒரே ஈர்க்கு.
‘காய் தின்னலாமோ?’ என்று கேட்டவர்
இல்லையென்றதும் பெயரையும் விட்டுவிட்டார்.

நான் பண்டகசாலைக்காரி. எண்ணுவது என் தொழில்.
யூரியா மூடை எண்ணி முடிந்த ஒரு மத்தியானம்
கொப்பை வளைத்து இலை எண்ணினேன்.
பதினொரு சோடி. நுனியில் ஒற்றை இல்லை.
கோயிலடிக் கொன்றைக்கு ஐந்து, மிஞ்சினால் ஏழு;
அதன் இலை என் உள்ளங்கை நீளம்,
இது கட்டைவிரல்.
ஆக, கொன்றைக்குச் சொந்தம்.
கொன்றை இல்லை.

ஐப்பசியில் எலுமிச்சை நிறத்தில் ஒரு வண்ணத்திப்பூச்சி
வேப்பமரத்தைத் தாண்டி, தேக்கைத் தாண்டி
நேரே வந்து தளிரில் முட்டையிட்டது.
அதற்கு யாரும் தகடு எழுதிக் கொடுக்கவில்லை.
மருந்தடிக்க எழும்பின காவலாளியை
இருக்கச் சொன்னேன்.
பாதி இலை போனது. திரும்பி வந்தது.

மாசியில் முழுதும் கொட்டியது.
புதிதாய் வந்த உத்தியோகத்தர்
‘பட்ட மரம், வெட்டி விடுங்கோ’ என்றார்.
சைக்கிள் கொட்டிலுக்கு இடம் வேணுமாம்.
நகத்தால் தண்டைக் கீறிக் காட்டினேன்.
உள்ளே பச்சை, அவரைக்காயின் பச்சை.
பார்த்தார். குனிந்து மணந்தும் பார்த்தார்.
கத்தி அலுமாரிக்குப் போனது.

அன்றுதான் கண்டேன்,
முண்டுக்காலோடு நான் கட்டிய கம்பி
பட்டைக்குள் இறங்கியிருந்ததை.
குறட்டால் இரு பக்கமும் நறுக்கி
உள்ளே போனதை உருவாமல் விட்டேன்.
மரியநாயகத்தின் முழங்காலிலும்
ஒரு துண்டு அப்படித்தான் இருக்கிறது.
மழை வரமுதல் சொல்லும் என்பார்.

போன கிழமை மாற்றல் கடிதம் வந்தது.
கையளிக்கும் பட்டியலில்
தராசு இரண்டு, சாக்கு ஊசி பதினாறு, மரம் ஒன்று.
‘இனம்’ என்ற இடத்தில் ஒரு கோடு.
பிறகு, மனம் கேளாமல், ஓரத்தில்:

மாசியில் இலை கொட்டும், சாகவில்லை.
தண்ணீர் அடிமரத்தில் வேண்டாம்,
மத்தியான நிழல் முடிகிற இடத்தில்.
வைக்கல் போடலாம், தண்டில் முட்டாமல்.
சோளகத்துக்கு மேற்கே ஒரு கயிறு; கம்பி கூடாது.
பூத்தால்
நிறத்தை எழுதி அனுப்பவும்.

பொறுப்பெடுத்த பெடியன் இரண்டு தரம் வாசித்தான்,
வெளியே போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து
கையெழுத்து வைத்தான்.
‘ஊசி பதினைஞ்சுதான் இருக்கு, அக்கா.’